பிபிசி மைக்ரோவுக்குப் பிசி ஃபிளாப்பி டிரைவ்

1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினி ஒன்று கும்பகோணத்தில் என் மேசைமேல் இருக்கிறது. ஃபிளாப்பி இணைப்புச் சில்லுகள் பொருத்தப்பட்ட அந்தக் கணினிக்கு, பழைய பிசியிலிருந்து கழற்றிய 3.5 அங்குல டிரைவ் போதும்.

கணினி முதல் டிரைவை (டிரைவ் 0) கேபிள் இணைப்பியின் 10-ஆம் முனையில் அழைக்கிறது. பிசி டிரைவோ 12-ஆம் முனையில் வரும் அழைப்புக்கே விழிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், நேரான கேபிளில் அது டிரைவ் 1 ஆக, அதாவது இரண்டாவது டிரைவாகத்தான் தெரியும். ஆகவே, 34 இழைப் பட்டைக் கேபிளில் சிவப்புக் கோட்டை ஒன்றெனக் கொண்டு எண்ணி, 10, 12 ஆகிய இழைகளை மட்டும் கூரிய கத்தியால் பிரித்து, மாற்றிப் பற்றவைத்து, தனித்தனியே உறையிட வேண்டும். (இரண்டு முறை எண்ணுங்கள், நான் ஒருமுறை 11-ஐ வெட்டினேன்.) டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது.

மின்சாரத்துக்கு 5 வோல்ட்டை மல்டிமீட்டரில் சரிபார்த்த பிறகே இணையுங்கள். 1.44 எம்பி வட்டானால், டிரைவ் அதைக் குறைந்த அடர்த்தி வட்டாக எடுத்துக்கொள்ளும்படி, அதன் அடர்த்தித் துளையை (எழுதுவதைத் தடுக்கும் துளைக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது) ஒட்டுநாடாவால் மூடுங்கள். காவிரிக்கரை ஈரத்தில் வட்டின்மேல் பூஞ்சை படர்வது சகஜம் என்பதால், ஷட்டரை (வட்டின் உலோக மூடியை) விலக்கிப் பார்க்காமல் எந்த வட்டையும் உள்ளே விடாதீர்கள். பூஞ்சை டிரைவின் ஹெட்டில் (வட்டைப் படிக்கும் முனையில்) ஒட்டினால் அடுத்த வட்டையும் கீறிவிடும்.