முறுக்கு நல்லாருக்கு, விலை எங்கக்கா? ஆன்லைன்ல விக்கிறவங்களும் வாங்குறவங்களும் பண்ற தப்புங்க

மலேசியால பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்த சுத்தி வளந்த டவுன்ல ஆன்லைன் வியாபாரம் ஒண்ணும் புதுசு இல்ல, 2020 மார்ச்ல எம்சிஓன்னு நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு பாசார் மாலாம் (ராத்திரி சந்தை) மூடுனப்பவே பலகாரம் செய்ற அக்காங்க, துணி விக்கிறவங்க எல்லாரும் வாட்சாப்லயும் ஃபேஸ்புக்லயும் இறங்கிட்டாங்க. இப்ப யாரும் எனக்கு போன் பாக்க தெரியாதுன்னு சொல்றதில்ல. தப்பு வேற எடத்துல நடக்குது. டவுன் கடைல நமக்கு ஆள தெரியும், அவங்க அப்பா எந்த தோட்டத்துல மண்டோரா (கங்காணியா) இருந்தாருன்னு வரைக்கும் தெரியும், அதனால எல்லாத்தையும் வாயால பேசி முடிச்சிடுவோம். ஆன்லைன்ல மூஞ்சி தெரியாது, எழுதி வச்சதுதான் கணக்கு. அந்த வாய்ப்பேச்சு பழக்கத்த அப்படியே போனுக்குள்ள கொண்டு போறதுதான் பாதி பிரச்சன.

மொதல்ல இந்த "விலைக்கு பிஎம்", அதாவது வில வேணும்னா தனியா மெசேஜ் போடுங்கங்கிற கத. படம் அழகா போட்டுருப்பாங்க, கீழ நாப்பது பேர் விலை என்னன்னு கேப்பாங்க, எல்லாருக்கும் ஒரே பதில், பிஎம் பண்ணுங்க. கேட்டா, விலைய போட்டா பக்கத்து வீட்டுக்காரி ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொறச்சி போட்டுருவாம்பாங்க. அட அவ ஒரு தடவ பிஎம் பண்ணி கேட்டா தெரிஞ்சிடப் போகுது! வாங்க வர்றவங்கதான் கேக்க கூச்சப்பட்டு ஓடிப் போயிடுறாங்க. அதுக்கும் மேல இது சட்டப்படியே தப்பு. மின்னணு வணிக பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை 2012ல எழுதி 2013 ஜூலைல இருந்து நடப்புல இருந்துச்சு, 2024 டிசம்பர்ல அதுக்கு பதிலா புது விதிமுறை வந்துச்சு, ரெண்டுலயும் ஆன்லைன்ல விக்கிறவங்க தன் பேரு இல்ல கம்பெனி பேரு, பதிவு நம்பர், தொடர்பு கொள்ற இமெயில், போன் நம்பர் இல்ல அட்ரஸ், சாமானோட விவரம், போஸ்டேஜோட சேத்து முழு விலை, எப்படி காசு கட்டறது, எத்தன நாள்ல வந்து சேரும், இதெல்லாம் காட்டியே ஆகணும்னு இருக்கு. வாட்சாப்ல விக்கிறவங்களுக்கு இதெல்லாம் கிடையாதுன்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்ல.

பதிவு நம்பர்னதும் பயந்துராதீங்க. வியாபாரத்த பதியற எஸ்எஸ்எம் ஆணையத்துல சொந்த பேர்ல பதிஞ்சா வருசத்துக்கு 30 வெள்ளி, கடைக்குன்னு ஒரு பேரு வச்சா 60 வெள்ளி, தொடங்கி 30 நாளுக்குள்ள பதியணும். அவ்ளோதான்.

அடுத்தது கணக்கு, இங்கதான் நல்லா விக்கிறவங்களே மாட்டிக்கிறாங்க. கடலமாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் கூட்டி ஒரு டப்பா முறுக்குக்கு வில வப்பாங்க, ஆனா பெட்டி, பபிள் ராப், டேப், ஆப் எடுக்கிற கமிஷன், பேமெண்ட் சார்ஜ் எதுவும் அந்த கணக்குல வராது. கமிஷன் ரேட்டும் ஒரே மாதிரி நிக்காது, போன தீபாவளிக்கு போட்ட கணக்க வச்சி இந்த தீபாவளிக்கு வில போடாதீங்க. இதுல பெரிய ஓட்ட கூரியர்தான். கூரியர்காரங்க எடைய மட்டும் பாக்க மாட்டாங்க, பெட்டியோட அளவையும் பாப்பாங்க, நீளம் அகலம் உயரம் மூணையும் செ.மீ.ல பெருக்கி பல கூரியர்ல 5000 ஆல வகுப்பாங்க, வர்ற கணக்கும் நெச எடையும் எது கூடவோ அதுக்கு காசு. முறுக்கு காத்து மாதிரி லேசு, ஆனா நொறுங்காம போகணும்னா பெரிய பெட்டி வேணும். 25க்கு 25, உயரம் 20னு ஒரு பெட்டி எடுத்தா பெருக்குனா 12,500, வகுத்தா 2.5 கிலோ. உள்ள இருக்கறது ஒரு கிலோ முறுக்கா இருந்தாலும் ரெண்டர கிலோவுக்கு உள்ள ரேட்டுதான் கட்டணும். இதுல "போஸ்டேஜ் ஃப்ரீ"ன்னு வேற போட்டுட்டு, கடல் தாண்டி சபா சரவாக்ல இருந்து ஆர்டர் வந்ததும் தலைல கை வச்சிக்கிறது. தீபகற்பத்துக்கு மட்டும் ஃப்ரீன்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்.

ரெசிட் ஸ்க்ரீன்ஷாட்ட பாத்து சாமான் குடுக்கறத இன்னிக்கே நிறுத்துங்க. டிரான்ஸ்பர் பண்ணிட்டேன்க்கா பாருங்கன்னு ஒரு படம் வரும், அத எடிட் பண்ண ரெண்டு நிமிசம் கூட ஆகாது. பேங்க் ஆப்ப தொறந்து காசு ஏறிருக்கான்னு நீங்களே பாருங்க, அது மரியாத கொறவு கிடையாது. கடைல போன்ல ஸ்கேன் பண்ணி காசு கட்டற டூயிட்நாவ் கியூஆர் ஒட்டி வச்சிருக்கவங்களும் அப்பப்ப அந்த ஸ்டிக்கர பாத்துக்கணும், மேல வேற ஆளு ஸ்டிக்கர ஒட்டிட்டு போயிட்டா நாள் முழுக்க வர்ற காசு அவன் கணக்குக்கு போகும்.

வீட்டுல அரைச்ச மூலிகை எண்ணெய், மூஞ்சிக்கு போடற கிரீம் விக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த. அழகு சாமானுக்கு என்பிஆர்ஏல (அரசாங்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) அறிவிப்பு பண்ணணும், பாரம்பரிய மருந்துன்னா அவங்க குடுக்கற எம்ஏஎல் பதிவு நம்பர் வேணும், "சக்கர வியாதி கொணமாகும்"னு எழுதி வித்தா அது தனி வம்பு.

இப்ப வாங்குறவங்க பக்கம். ஷாப்பீ மாதிரி ஆப்ல நீங்க கட்டற காசு உடனே விக்கிறவர் கைக்கு போறதில்ல, நீங்க "சாமான் கெடச்சிது"ன்னு அமுக்கற வரைக்கும், இல்ல அதுக்கு குடுத்த கெடு முடியற வரைக்கும் ஆப்தான் புடிச்சி வச்சிருக்கும். விக்கிறவர் சாட்ல வந்து "ஆப்ல வேணாம், நேரா பேங்க்குக்கு போட்டா பத்து வெள்ளி கொறைக்கிறேன்"னா அந்த பாதுகாப்ப பத்து வெள்ளிக்கு வித்துட்டீங்கன்னு அர்த்தம். பார்சல பிரிக்காமலே கெடச்சிதுன்னு அமுக்கறதும் அதே தப்புதான், பிரிக்கறப்ப ஒரு வீடியோ எடுத்துக்குங்க.

தோட்டத்துல இன்னொரு கூத்து. எல்லாரும் வேலைக்கு போயிருப்பாங்க, வீட்டுல பாட்டி மட்டும், கூரியர் மோட்டார்ல வந்து உங்க பேருக்கு சிஓடி (வாங்கறப்ப காசு கட்டற) பார்சல் 59 வெள்ளின்னு சொல்லும், பேரன்தான் ஆர்டர் பண்ணிருப்பான்னு பாட்டி முந்தானைல இருந்து காச எடுத்து குடுத்துரும். பிரிச்சா ஒண்ணுத்துக்கும் ஆகாத சாமான். கூரியர் அண்ணன திட்டி பிரயோஜனம் இல்ல, அவரு கொண்டு வர்றவரு. போன் பண்ணி கேக்காம சிஓடிக்கு காசு குடுக்கக் கூடாதுன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட சொல்லி வைங்க. அட்ரஸும் பாருங்க, லயத்து வீட்டு நம்பர், தோட்டத்து பேரு, எந்த டிவிஷன், கேட்டுல இருந்து எந்த பக்கம்னு எழுதலன்னா பார்சல் திரும்பிப் போயிடும், டவுன்ல தெரிஞ்ச கட அட்ரஸ் குடுக்கறதுன்னா அவங்கள கேட்டுட்டு குடுங்க.

வாட்சாப்ல ஏபிகேன்னு முடியற ஃபைல் அனுப்பி, இந்த ஆப்ப போட்டா மலிவா டுரியான், வீடு க்ளீனிங்னு சொன்னா போடாதீங்க, அது உள்ள பூந்து எஸ்எம்எஸ்ல வர்ற பேங்க் ரகசிய நம்பர படிச்சிடும். காசு போடறதுக்கு முன்ன மோசடி அக்கவுண்ட தேடிப் பாக்கற போலிஸோட செமாக் மியூல்ல அக்கவுண்ட் நம்பர தட்டி பாருங்க. ஆனா அதுல பேரு வரலன்னா நல்லவன்னு அர்த்தம் இல்ல, இன்னும் யாரும் ரிப்போர்ட் பண்ணலன்னுதான் அர்த்தம். ஏமாந்துட்டா வெக்கப்பட்டு ராத்திரி முழுக்க அழாம ஒடனே மோசடி புகார் நம்பர் 997க்கு அடிங்க, காசு வேற வேற அக்கவுண்டுக்கு ஓடறதுக்கு முன்னால மடக்கப் பாப்பாங்க.

இந்தியால இருந்து சேல வாங்குறவங்க, 2024 ஜனவரில இருந்து வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல வர்ற 500 வெள்ளியும் அதுக்கு கீழயும் உள்ள சாமானுக்கு 10 விழுக்காடு வரி இருக்கு, செக்அவுட்ல கூட காட்டுனா கடக்காரன் ஏமாத்துறான்னு சண்டைக்கு போகாதீங்க.

சாமான் சரியில்ல, காசும் திரும்ப வரலன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம். ஆனா அது வியாபாரிங்க மேல போடற கேஸ், யாரோ ஒருத்தர் தன் பழைய போன வித்ததுக்கு செல்லாது. அங்க போய் நின்னா விக்கிறவர் என்ன எழுதி வித்தாருன்னுதான் கேப்பாங்க, அதுக்குள்ள அவரு போஸ்ட்ட அழிச்சிருப்பாரு, அதனால காசு கட்டற அன்னிக்கே போஸ்ட்டையும் சாட்டையும் எடுத்து வச்சிடுங்க.