ஏர்பிரஷ்ஷில் தண்ணீர் வருகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கறுப்பு பெட்ரோல் டேங்கின் மேல் புகை படர்ந்ததுபோல வெள்ளை ஷேடு அடித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. திடீரென ஏர்பிரஷ் (கம்ப்ரசர் காற்றால் பெயின்ட்டைத் தூவும் பேனா போன்ற கருவி) ஒரு தடவை துப்பியது. ஷேடின் நடுவே மிளகளவு வட்டம். ஓரத்தில் வெள்ளை, உள்ளே வெறும் கறுப்பு. பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது, ஹோஸ் வழியாகத் தண்ணீர் வந்திருந்தது.

மழைக்காலச் சென்னையில் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரசர் அதை அழுத்தமானியில் 4 பார் காட்டும்வரை (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 4 பார்) அமுக்கும்போது காற்று ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. திரும்ப 30 டிகிரிக்கு ஆறியதும் அந்த இடத்தில் 6 கிராம்தான் ஆவியாகத் தங்கும். மீதி 18 கிராமும் தண்ணீர். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் சின்ன கம்ப்ரசருக்கு இது 50 நிமிட வேலை.

‘ஆறியதும்’ என்பதைக் கவனியுங்கள். பலரும் தவறுவது அங்கேதான். காற்றில் வரும் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடிக்கும் மாய்ஸ்ச்சர் ட்ராப்பை கம்ப்ரசரின் வாயிலேயே முடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ட்ராப் துளிகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. சூடான காற்று அதைத் தாண்டிப்போய், ஹோஸில் ஆறி, அங்கே துளியாகிறது. எனவே முதலில் ஆறவிடுங்கள்: டேங்க் உள்ள கம்ப்ரசர் நல்லது, இல்லையென்றால் 3 மீட்டர் ஹோஸாவது வேண்டும். அப்புறம் ஏர்பிரஷ் பக்கத்தில் இன்னொரு சின்ன ட்ராப், நேராகத் தொங்கும்படி. கம்ப்ரசருக்கும் அவ்வப்போது ஓய்வு கொடுங்கள்.

சத்தம் தாங்காமல் கம்ப்ரசரைப் பால்கனியில் வைத்துவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்து அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். வெளியே இழுத்த ஈரக்காற்று உள்ளே வந்து ஹோஸில் குளிர்ந்து தண்ணீராகிவிடும். கம்ப்ரசரையும் ஏசி அறைக்குள்ளேயே கொண்டுவாருங்கள். அங்கே இழுக்கும் காற்றே உலர்ந்தது.

கம்ப்ரசர் டேங்கின் அடியில் தண்ணீரை வெளியேற்ற உள்ள டிரெயின் வால்வை மாதக்கணக்கில் தொடாதவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள். டீ நிறத்தில் தண்ணீர் வந்தால் உள்ளே துரு பிடிக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், டேங்கில் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும்போதே திறந்துவிட்டால் தண்ணீர் முழுக்க வெளியே தள்ளப்படும். ட்ராப் கிண்ணத்தையும் நிரம்பவிடாதீர்கள். நிரம்பினால் பிடித்த தண்ணீரையே காற்று திரும்ப அள்ளிக்கொண்டு போகும்.

அந்தக் கிண்ணத்தைத் தின்னரால் கழுவவே கூடாது. பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், தின்னர் பட்டால் மெல்லிய விரிசல் விடும், அழுத்தத்தில் வெடிக்கவும் செய்யும். சோப்புத் தண்ணீர் போதும்.

மழை நாளில் லாக்கர் (சீக்கிரம் காயும் ஒருவகைப் பெயின்ட்) அடித்ததும் வெண்மையாக மங்கினால் ட்ராப்பைச் சந்தேகிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அறையின் ஈரம் அதன்மேல் படிகிறது. தின்னர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்து அடியுங்கள், இல்லை வெயில் வரும்வரை காத்திருங்கள்.

துப்புவதெல்லாம் தண்ணீரும் இல்லை. பெயின்ட் ஊற்றாமல், உலர்ந்த கண்ணாடிமுன் இரண்டு நிமிடம் வெறும் காற்றை விடுங்கள். புள்ளி விழுந்தால் தண்ணீர்தான். விழாவிட்டால் ஏர்பிரஷ்ஷின் உள்ளிருக்கும் ஊசியைக் கழற்றிப் பாருங்கள்: நுனியில் பெயின்ட் காய்ந்திருக்கும், அல்லது நுனி வளைந்திருக்கும்.