ஃபிளாப்பி வட்டில் ஒரு செக்டரின் இடத்தைக் கண்டறிவது எப்படி?

1.44 எம்பி ஃபிளாப்பி வட்டில் இரண்டு பக்கங்களும், பக்கத்துக்கு 80 தடங்களும் (வட்டப் பாதைகள்), தடத்துக்கு 512 பைட் கொண்ட 18 செக்டர்களும் (தடத்தின் துண்டுகள்) உள்ளன. இந்த 2,880 செக்டர்களையும் இயங்குதளம் 0 முதல் வரிசையாக எண்ணுகிறது. டிரைவுக்கோ தடம், பக்கம், செக்டர் என மூன்று எண்கள் வேண்டும்.

1000 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் அதை ஒரு தடத்தின் இரு பக்கங்களுக்குமான செக்டர் எண்ணிக்கையான 36ஆல் (18 × 2) வகுக்கவும்: ஈவு 27 தட எண்ணாகும். மீதி 28ஐ 18ஆல் வகுத்தால், ஈவு 1 பக்க எண்ணாகும். எஞ்சும் 10உடன் ஒன்றைக் கூட்டினால் செக்டர் எண் 11 கிடைக்கும். தடமும் பக்கமும் 0இலிருந்தும் செக்டர் மட்டும் 1இலிருந்தும் எண்ணப்படுவதால்தான் அந்த ஒன்று கூட்டப்படுகிறது. நிரல் எழுதுவோர் அடிக்கடி இடறும் இடமும் இதுவே.

இனி டிரைவின் வேலை. வெளி விளிம்பிலுள்ள 0ஆம் தடத்தை ஓர் உணரி காட்டிக்கொடுக்க, அங்கிருந்து படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார், தரவைப் படிக்கும் முனையை 27 தடங்கள் உள்நோக்கி நகர்த்துகிறது. ஆனால் சரியான தடத்தில்தான் நிற்கிறோமா என்பதை மோட்டார் அறியாது. அதனால், ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் வட்டை ஃபார்மட் செய்தபோதே எழுதப்பட்ட தலைப்பை, அதாவது தடம், பக்கம், செக்டர் எண்களையும் பிழை சரிபார்ப்புக் குறியீட்டையும், டிரைவை இயக்கும் கட்டுப்படுத்திச் சில்லு படித்து ஒப்பிட்டு, தேடிய எண்கள் வரும்வரை காத்திருக்கிறது. நிமிடத்துக்கு 300 சுற்று என்பதால், இந்தக் காத்திருப்பு அதிகபட்சம் ஒரு சுற்றுக்கான 200 மில்லிவினாடி, சராசரியாக அதில் பாதி.