கொரியாவுக்குப் புதுசா? எல்லைப் பயணமும் யோங்சான் கடைவீதியும்

கொரியாவில் வந்து இறங்கிய முதல் மாதத்தில் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். வடகொரிய எல்லையைப் பார்க்க எப்படிப் போவது? லேப்டாப்பும் போனும் எங்கே வாங்குவது? ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து கம்பெனி வேலையாக வருகிறவர்கள், ஆராய்ச்சிப் படிப்புக்கு வருகிற பிள்ளைகள், இலங்கையிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வருகிற தம்பிகள் என்று எல்லாருக்கும் இதே ஆசை. இரண்டிலும் நான் நாளையும் காசையும் இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். காலையில் எல்லை, மாலையில் கடை என்று கிளம்பினால் யோங்சான் போய்ச் சேரும்போது காலும் ஓய்ந்து பசியும் வந்துவிடும், அந்த நிலையில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது.

முதலில் எல்லை. 1953 ஜூலை 27 அன்று கொரியப் போரின் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது இரு தரப்பும் எல்லைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் பின்வாங்கின, அப்படி உண்டான 4 கிலோமீட்டர் அகலமும் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீளமும் கொண்ட பட்டைதான் டி.எம்.இசட், அதாவது படைவிலக்குப் பகுதி. அதற்குத் தெற்கே பொதுமக்கள் அனுமதியின்றி நுழைய முடியாத இன்னொரு பகுதி இருக்கிறது. சாதாரண டூரில் நாம் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதிக்குத்தான். எல்லைக் கோட்டின் மேலேயே நீல நிறக் கட்டடங்கள் நிற்கும், இரு தரப்பும் சந்தித்துப் பேசும் பன்முன்ஜொம் வேறு விஷயம். 2023 ஜூலையில் டூர் கூட்டத்தோடு வந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் கோட்டைத் தாண்டி வடக்கே ஓடிப்போன பிறகு அந்தப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள், பின்னாளில் திறந்தபோதும் கட்டுப்பாடுகளோடுதான் திறந்தார்கள். ஆகவே பணம் கட்டும் முன் டூரின் பெயரைப் பார்க்காமல், எந்தெந்த இடத்தில் வண்டி நிற்கும் என்ற பட்டியலைப் படியுங்கள்.

சியோலிலிருந்து எளிதான வழி பாஜு நகரம் வழியாகப் போவது. க்யொங்இ-சுங்ஆங் லைனில் முன்சான் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ இம்ஜின்காக் பூங்கா. இம்ஜின்காக் வரை யார் வேண்டுமானாலும் போகலாம், எந்தச் சோதனையும் கிடையாது. குண்டு துளைத்த பழைய ரயில் எஞ்சின் ஒன்று அங்கே துருப்பிடித்து நிற்கிறது, பக்கத்துக் கம்பிவேலி முழுக்க ஊரைப் பிரிந்தவர்கள் கட்டிவிட்டுப் போன ரிப்பன்கள். அதற்கு மேலே போக அங்கேயே டூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட் அளவாகத்தான் இருக்கும், சனி ஞாயிறுகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும், திங்கட்கிழமை விடுமுறை. நான் முதல் தடவை போனது ஒரு திங்கட்கிழமை. சுவோனிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, மூன்று ரயில் மாறிப் போய், மூடிய கவுண்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பயணத்தைச் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் வையுங்கள், அரசு விடுமுறை இல்லாத நாளா என்றும் பாருங்கள்.

அப்புறம், ஒரிஜினல் பாஸ்போர்ட். கொரியா வந்து 90 நாளுக்குள் பதிவு செய்து வாங்கும் குடியிருப்பு அட்டை கையில் இருந்தால் அதுவும் ஆகும், ஆனால் போனில் வைத்திருக்கும் போட்டோவை நம்பிப் போகாதீர்கள். பஸ் தோங்இல் பாலத்தின் முகப்பில் நிற்கும், சிப்பாய் ஒருவர் ஏறி ஒவ்வொரு முகத்தையும் ஒவ்வொரு அட்டையையும் பார்ப்பார். ஹூண்டாயில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் கம்பெனியை நிறுவிய சுங் ஜு-யங் 1998 ஜூனில் 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனது இந்தப் பாலத்தின் வழியாகத்தான். அவர் பிறந்த ஊர் வடக்கே இருந்தது.

உள்ளே மூன்று இடம் முக்கியம். மூன்றாவது சுரங்கம் 1978 இல் கண்டுபிடிக்கப்பட்டது, வடக்கிலிருந்து தோண்டிக்கொண்டு வந்தது. சுமார் 350 மீட்டர் சரிவில் ஹெல்மெட் போட்டு இறங்க வேண்டும், ஏறும்போதுதான் தெரியும் அந்தச் சரிவு எவ்வளவு என்று, மூச்சு வாங்கும். முட்டி வலியோ இதய நோயோ உள்ள அப்பா அம்மாவை அழைத்துப் போனால் அவர்கள் மேலேயே உட்காரட்டும். போனையும் கேமராவையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் இறங்க விடுவார்கள். தோரா கண்காணிப்புக் கூடத்திலிருந்து வடக்கே கிஜொங்தோங் கிராமத்தின் 160 மீட்டர் கொடிக்கம்பமும், வானம் தெளிவாக இருந்தால் கேசோங் நகரமும் தெரியும். எங்கே படம் எடுக்கலாம் என்று காவலர்கள் சொல்வதைக் கேளுங்கள், இதில் வாதம் வேண்டாம். தோராசான் ரயில் நிலையத்தில் சியோல் 56 கிலோமீட்டர், பியோங்யாங் 205 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை இருக்கிறது. பலகை இருக்கிறது, வடக்கே ரயில்தான் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடாத காலத்தைப் பார்த்த ஒரு தம்பி அந்தப் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான், நானும் கூப்பிடவில்லை.

மழைக்கால மூட்டத்தில் போனால் ஒன்றும் தெரியாது. வசந்த காலத்தில் மஞ்சள் தூசி. அக்டோபர்தான் நல்ல மாதம், எப்போது போனாலும் முந்தின நாள் காற்றுத் தூசி அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாப்பாட்டுக்கு அந்தப் பக்கத்து ஜங்தான் சோயா பிரசித்தம், டோஃபு நன்றாக இருக்கும், ஆனால் குழம்பில் மீன் சாறு கலந்திருக்கலாம் என்பதால் சைவர்கள் ஒரு டப்பா எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்வது நல்லது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நீங்கள் ரயிலை விட்டு இறங்கும் அதே முன்சானில், கொரியப் போரின்போது 1951 மார்ச் 23 அன்று அமெரிக்க பாராசூட் படையோடு இந்திய மருத்துவக் குழு ஒன்றும் குதித்தது. 60 ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ், தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். நம்மவர் ஒருவர் காயம்பட்டவர்களைத் தேடி வானத்திலிருந்து இறங்கிய இடம் அது என்று தெரிந்த பிறகு அந்தச் சின்ன ஸ்டேஷன் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

சரி, கடைக்கு வருவோம். யோங்சான் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்கு 1 ஆவது லைனில் யோங்சான் அல்லது 4 ஆவது லைனில் சின்யோங்சான். கம்ப்யூட்டர் பாகங்களுக்குச் சொனின் சாங்கா என்ற கட்டடம், ஒரு காலத்தில் இருந்த கூட்டம் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழும் கேள்வி, "எவ்வளவு வரைக்கும் விசாரிச்சிட்டு வந்தீங்க?" கொரியர்களே பயப்படும் கேள்வி இது, ஏனென்றால் நீங்கள் சொல்லும் தொகையை வைத்துத்தான் அவர் விலை சொல்வார். அதனால் தனாவா விலை ஒப்பீட்டுத் தளத்தில் அந்த மாடலின் முழு நம்பரையும் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டே உள்ளே போங்கள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், போனைக் காட்டினால் போதும்.

கார்டு கொடுத்தால் பத்து சதவீதம் கூட என்பார்கள். அப்படிக் கேட்பது இங்கே சட்டப்படி தப்பு. ரொக்கமாகக் கொடுத்தாலும் ஹ்யொங்கும் யொங்சுஜுங், அதாவது பணரசீது, கேட்டு உங்கள் போன் நம்பரில் பதியச் சொல்லுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கு வருடக் கடைசி வரிக் கணக்கில் அது உதவும், பொருள் பழுதானால் சாட்சியும் அதுதான். ஆன்லைனில் வாங்கினால் 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, கடையில் நேரில் வாங்கியதற்கு அது கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே புதிதாக வந்தவர்கள் லேப்டாப்பை ஆன்லைனில் வாங்குவது நல்லது என்பேன். யோங்சானில் ரேம், கேபிள், ரிப்பேர் என்று போங்கள்.

போன் விஷயத்தில்தான் நான் அடிபட்டேன். ஒரு கடையில் அந்த ஆள் வாயைத் திறக்கவே இல்லை, கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி என் பக்கம் திருப்பினார், கேட்ட விலையில் பாதிகூட இல்லை. சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் மிக விலை கூடிய பிளான், கூடவே நான் கேட்காத இரண்டு சேவைகள், 24 மாத ஒப்பந்தம் என்பது பில் வந்த பிறகு ஒரு கொரிய நண்பர் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. போன் விலையில் கடைகள் கொடுக்கும் மானியத்துக்கு வரம்பு வைத்திருந்த சட்டம் 2025 ஜூலை 22 அன்று நீக்கப்பட்டுவிட்டதால் இப்போது கடைக்குக் கடை தள்ளுபடி வித்தியாசப்படும், கவனமும் அந்த அளவுக்குக் கூட வேண்டும். இரண்டு வருடம் இருப்போமா என்றே தெரியாதவர்கள் ஒப்பந்தமில்லாத போனைத் தனியாக வாங்கி, மலிவான சிம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு எடுத்துப் போவதற்கு என்றால் பொருளின் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். இங்கே 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜர் எதிலும் ஓடும், மைக்ரோவேவ் போன்றவற்றில் 60 என்று மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். லேப்டாப் விசைகளில் கொரிய எழுத்து இருக்கும், இங்கே விற்கும் போன்களில் படம் எடுக்கும்போது வரும் க்ளிக் சத்தத்தை அமைப்பில் போய் அணைக்க முடியாது, வாரண்டி ஊரில் செல்லுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். டிவியை இந்தியா 2013 இல் வரியில்லாச் சலுகையிலிருந்து எடுத்துவிட்டது, தூக்கிக்கொண்டு போக ஆசைப்படுபவர்கள் சுங்க விதியை முதலில் பாருங்கள்.

வரி திரும்பப் பெறுவது இங்கே சம்பளம் வாங்குபவர்களுக்குக் கிடையாது. உங்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாவுக்குக் கிடைக்கும்: 15,000 வொன்னுக்கோ அதற்கு மேலோ வாங்கி, அவர்களுடைய பாஸ்போர்ட்டைக் கடையில் காட்டி, 3 மாதத்துக்குள் அவர்களே வெளியே எடுத்துப் போக வேண்டும். அவர்கள் கிளம்பும்போது பவர் பேங்க் பெட்டிக்குள் போகாமல் பாருங்கள். 2025 மார்ச் முதல் கொரிய விமானங்களில் அதைத் தலைக்கு மேலே உள்ள அடுக்கிலும் வைக்கக் கூடாது. துளைகளில் டேப் ஒட்டி, சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அம்மாவின் கைப்பையிலேயே கொடுத்துவிடுங்கள்.