சிகிச்சைக் குதிரையேற்ற வகுப்பில் விளையாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் சிறப்புக் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் நான் செய்த பிழைகளையே, இப்போது பயிற்சிக்கு வரும் இளைஞர்களும் செய்வதைப் பார்க்கிறேன். தலைக்கவசத்தையும் சேணவாரின் இறுக்கத்தையும் யாரும் மறப்பதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

விளையாட்டைப் பந்தயமாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அல்சூரிலிருந்து வந்த, மூளை முடக்குவாதம் உள்ள எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு கம்பத்திலிருந்து வளையத்தை எடுத்து அடுத்த கம்பத்தில் மாட்டும் விளையாட்டை நிதானமாக, மகிழ்ச்சியாக ஆடிக்கொண்டிருந்தாள். ஆர்வத்தைக் கூட்டலாமென்று எண்ணி, இன்னொரு குதிரையையும் வரவழைத்து, "யார் முதலில் முடிக்கிறீர்கள், பார்ப்போம்!" என்றேன். பரபரப்பு ஏறியதும் அவளுடைய தசைகள் விறைத்தன. தொடைகள் உள்நோக்கி இறுகி, குதிகால்கள் குதிரையின் விலாவில் அழுந்தின. காலால் அழுத்தினால் முன்னே செல்லப் பழகிய குதிரை, பழகியபடியே விரைந்தது. முன்கயிற்றைப் பிடித்திருந்தவரும் இருபுறமும் நடந்த துணையாளர்களும் உடனே தடுத்ததால் அவள் விழவில்லை. ஆனால் ஆறு வாரம் குதிரையின் அருகில் வரவே மறுத்தாள்; பிறகும் குதிரைக்கு மயிர் சீவிவிடுவதிலிருந்துதான் மீண்டும் தொடங்க முடிந்தது.

குதிரையின் மெதுநடை, மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பை, அவர் தாமே நடப்பதைப் போல அசைக்கிறது. இறுகிய தசை தளர்வதற்கு உதவுவது அந்தச் சீரான அசைவே. வேகத்துக்குப் பரிசு வைத்தால், எதற்காகக் குழந்தையை ஏற்றினோமோ அதையே கெடுக்கிறோம். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றதும், குதிரையைச் சீராக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் பிரிவில்தான். அங்கே மதிப்பெண் அசைவின் ஒழுங்குக்கு, ஓட்டத்துக்கு அல்ல. 'பச்சை' என்றால் நடந்து, 'சிவப்பு' என்றால் நிற்கும் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு விளையாட்டிலும், யார் முந்தினார் என்று பார்க்காமல், குதிரை எத்தனை நொடி அசையாமல் நின்றது என்பதை எல்லோரும் சேர்ந்து எண்ணுங்கள்.

மூன்று மொழியில் கட்டளையிடுவது

வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்கும் குழந்தையிடம், குதிரைக்காரர் கன்னடத்திலும் நாம் மற்ற இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசினால், 'நில்' என்பது மனத்தில் பதியாது. ஒருவரே, ஒரே மொழியில் பேசட்டும்.

துணையாளரே வளையத்தை மாட்டிவிடுவது

குழந்தையின் கைக்குப் பத்து நொடி கொடுங்கள்.

பலூன்

மைதானத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

குதிரைக்குக் காட்டாத பொருள்

நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே புதிய வளையம், பந்து எதுவானாலும், முதுகில் யாரும் இல்லாதபோதே தோள்பக்கமாகக் கொண்டுவந்து காட்டி, அது போதுமென்று தானே தலையைத் திருப்பும்வரை மோந்து பார்க்க விடுங்கள்.