யுனைட்டட்டின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் யார்: கூட்டாளியை இழக்காமல் சண்டை பிடிப்பது எப்படி

போன வருஷம் எங்கள் டவுன் சலூனில் ரெண்டு பேர் மூன்று கிழமை முகம் பார்த்துப் பேசவில்லை. கடன் இல்லை, காணித் தகராறு இல்லை, மன்செஸ்டர் யுனைட்டட் கால்பந்து கிளப்பில் பெரிய ஆட்டக்காரர் ரூனியா கிக்ஸா என்பதுதான் விஷயம். ரூனி ஆள் ஒரு பக்கக் கன்னம் வழித்து மறுபக்கம் நுரையோடு எழும்பிப் போய்விட்டான். மிச்சத்தை வீட்டில் போய் வழித்ததாகக் கேள்வி.

மன்செஸ்டர் யுனைட்டட் கடைசியாக லீக் வென்றது 2013இல். அதற்குப் பிறகு எங்களுக்குப் பேச மிஞ்சியிருப்பது பழசுதான், அதனால் எங்கள் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம், ஒவ்வொரு மழைக்கும் இந்தப் பேச்சு முளைக்கிறது. பல வருஷமாக இதில் கத்தித் தொண்டை கட்டியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். லிவர்பூல், ஆர்சனல் ஆட்கள் பெயர்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதலில் நாள் பாருங்கள். கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல. தோற்ற மெட்ச் முடிந்த ராத்திரி கூடவே கூடாது. தவறணையிலும் கூடாது, மூன்றாவது கிளாசில் எல்லோரும் யுனைட்டட்டின் பழைய மனேஜர் பெர்கூசன் ஆகிவிடுவார்கள். நான் கண்ட நல்ல நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. சாராயக் கடை முழுக்கப் பூட்டு, ஆளாளுக்குப் பிளேன்டீயும் வடையும்தான், வேலைக்கு ஓடவேண்டிய அவசரமும் பாதிப் பேருக்கு இல்லை. ஐந்து பேருக்குக் குறைந்தால் அது விவாதம் இல்லை, பதினைந்துக்கு மேல் போனால் யூனியன் கூட்டம்.

வாயைத் திறக்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்: எந்த வருஷத்திலிருந்து பார்க்கிறாய்? இதைக் கேட்காமல் தொடங்கிய எந்தப் பேச்சும் உருப்பட்டதில்லை. பதினைந்து வயதில் டிவியில் யார் ஓடினாரோ அவர்தான் பெரும்பாலானவர்களுக்கு உலகத்திலேயே பெரிய ஆள். எனக்கு அது 2008. மொஸ்கோவில் செல்சியோடு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், நமக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்கி பெனல்டி வரை போனபோது விடியற்காலை மூன்று மணி. பக்கத்துக் காம்பராவில்தான் டிஷ் இருந்தது. ஆறு பேர் ஒரே கம்பளிக்குள், அடுத்த அறையில் காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க, எழும்பவேண்டிய பெரியவர்கள், அதனால் சத்தம் போட அனுமதி இல்லை. ரொனால்டோ பெனல்டியைத் தவறவிட்டபோது எவனும் மூச்சு விடவில்லை. செல்சியின் டெரி வழுக்கி விழுந்து பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கடைசியில் அவர்களுடைய அனெல்கா அடித்ததை எங்கள் கோல் கீப்பர் வன் டெர் சார் தட்டிவிட்டபோது நான் தலையணையைக் கடித்தேன், பல் பதிந்த அடையாளம் ரொம்ப நாள் இருந்தது. அந்த ராத்திரியால்தான் இன்றைக்கும் என் வாயில் முதலில் வருவது ரொனால்டோ பெயர். இது என் வயதின் குற்றம், ஆட்டத்தைப் பற்றிய கருத்து இல்லை. இப்படி ஒவ்வொருவரும் சொல்லிவிட்டால் பாதிச் சூடு இறங்கிவிடும். 2013க்குப் பிறகு வந்த தம்பிமார் புரூனோ பெர்னாண்டஸ் என்று சொன்னால் சிரிக்காதீர்கள், பாவம், அவர்களுக்குக் கிடைத்ததை வைத்துத்தானே சொல்வார்கள்.

அப்புறம் கேள்வி எது என்று முடிவுகட்டுங்கள். சண்டை பிடிக்கும் ரெண்டு பேரும் அநேகமாக வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்தச் சட்டையைப் போட்டவர்களில் பெரிய ஆட்டக்காரர் யார் என்றால் ரொனால்டோ பக்கம் நிறையப் பேர் போவார்கள், ஆனால் அதில் பெரும்பகுதியை அவர் ரியல் மட்ரிட் கிளப்பில்தான் செய்தார். கிளப்புக்கு அதிகம் உழைத்தவர் யார் என்றால் 963 மெட்ச், 13 லீக் பட்டம் என்று கிக்ஸ் வந்து நிற்பார். ஒரு ரெண்டு மூன்று வருஷம் யாரும் தொடமுடியாத உச்சத்தில் இருந்தவர் யார் என்றால் பேச்சு ஜோர்ஜ் பெஸ்ட்டுக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. மூன்றையும் ஒரே தட்டில் போட்டால் பழைய சோறும் கேக்கும் பிசைந்த மாதிரி இருக்கும்.

சரி, கணக்கு. போனை எடுத்து எண்ணிக்கை வாசிக்கிறவன் எல்லாக் கூட்டத்திலும் ஒருவன் இருப்பான். அவனைத் தடுக்கவேண்டாம், ஆனால் பாதியில் நிறுத்தவும் விடவேண்டாம். ரூனி 253 கோல், சார்ள்டன் 249, அதனால் ரூனி பெரியவர் என்று முடிப்பான். டெனிஸ் லோ? 404 மெட்சில் 237. ரூனிக்கு 253 அடிக்க 559 மெட்ச் தேவைப்பட்டது. சார்ள்டனுக்கு 758, ஆனால் அவர் முன்னால் நின்று கோலுக்காகக் காத்திருந்தவர் இல்லை, நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர், அங்கிருந்து அடித்த 249. கோல் கீப்பருக்கும் பின்வரிசைக்கும் இந்தக் கணக்கில் இடமே கிடையாது. மெட்ச் எண்ணிக்கையிலும் ஒரு குழி உண்டு: இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரரை இறக்க அனுமதித்ததே 1965இல்தான். அதற்கு முந்தியவர்களுக்குக் கடைசிப் பத்து நிமிஷம் வந்து கணக்கில் ஒன்று சேர்க்கும் வசதி இல்லை. கால் வலித்தாலும் முழுதும் நிற்கவேண்டும்.

கிண்ணம் எண்ணுவதும் இதே கதைதான். பெஸ்ட்டிடம் லீக் பட்டம் ரெண்டு. அவரைவிட அதிகம் வென்ற, ஆனால் அவர் கிட்டவும் நிற்கமுடியாத பத்துப் பேரை நானே சொல்வேன். கிண்ணம் டீம் வெல்வது.

இனி இந்த முறையின் உயிரான பகுதி. எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்த ஒரு மாமா உண்டு, பெனல்டி என்பதைப் பெலாண்டி என்பார். ஒரு நாள் நாங்கள் “லெஜன்ட்”, “கிங்”, “வேற லெவல்” என்று கத்திக்கொண்டிருக்க அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பட்டம் குடுக்கிறத விடு. அவன் என்ன பண்ணுனான்? ஒரு நாள் பண்ணுனத மட்டும் சொல்லு.” அன்றையிலிருந்து எங்களுக்கு அதுதான் சட்டம். ஒரு ஆளுக்கு ஒரு காட்சி. வர்ணனைச் சொல் வந்தால் வடைக்காசு அவன் தலையில்.

இதைச் செய்து பாருங்கள், பேச்சே மாறிவிடும். ரூனி ஆள் 2011 பெப்ரவரியில் மன்செஸ்டர் சிட்டிக்கு எதிராகத் தலைகீழாய்த் தொங்கி அடித்த கோலைச் சொல்வான். நானி போட்ட பந்து வழியில் ஒருத்தன்மேல் பட்டுத் திசை மாறி வந்தது, அவர் அந்தரத்திலேயே தன்னைத் திருத்திக்கொண்டார். பெஸ்ட்டுக்கு 1966, லிஸ்பன், பென்பிக்காவின் சொந்த மைதானம், வயது 19, முதல் கால் மணிக்குள்ளேயே ரெண்டு கோல், முடிவு 5-1. கீனுக்கு 1999 டூரின், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. ஜுவென்டஸ் 2-0 முன்னால், கீன் தலையால் ஒன்றைத் திருப்புகிறார், பிறகு மஞ்சள் அட்டை வாங்குகிறார், ஃபைனல் இனித் தனக்கு இல்லை என்று அந்த நொடியே தெரியும், அதற்குப் பிறகுதான் இன்னும் மும்முரமாக ஓடினார். 3-2. சொல்லி முடித்ததும் கடையில் இலையான் பறக்கும் சத்தம் கேட்டது.

ஒரு காட்சி இன்னொன்றை இழுத்து வருவதும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். கிக்ஸ் ஆள் 1999 எப்.ஏ. கிண்ண அரையிறுதியைச் சொன்னான்: ஆர்சனலின் பின்வரிசை முழுவதையும் வெட்டிக்கொண்டு போய் மேல் வலையில் அடித்து, சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினாரே, அது. கீன் வெளியே அனுப்பப்பட்டு டீமில் பத்துப் பேர்தான். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால், 90 நிமிஷம் முடிகிற நேரத்தில், ஆர்சனலின் பெர்க்காம்ப் அடித்த பெனல்டியை எங்கள் கோல் கீப்பர் ஷ்மைக்கல் தட்டிவிட்டார். அது உள்ளே போயிருந்தால் கிக்ஸின் கோலும் இல்லை, சட்டையும் சுழன்றிருக்காது, அந்த வருஷம் வென்ற மூன்று கிண்ணமும் இல்லை. இப்படித்தான் யாரும் நினைக்காத ஷ்மைக்கல் எங்கள் பட்டியலில் ஏறினார். 1991இல் அவரை வாங்கிய விலை 505,000 பவுண். கடையில் இருந்த ஒருவர் அதை ரூபாயாக்கிப் பார்க்க முயன்று கைவிட்டார்.

இதற்கு மேலே போக விரும்பினால் கழித்துப் பார்க்கலாம்: ஆளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? இதற்குக் கன்டோனாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1967க்குப் பிறகு லீக்கையே காணாத கிளப்புக்கு 1992 நவம்பரில் வந்தார். 1993, 1994 ரெண்டும் வென்றார்கள். 1995 ஜனவரியில் கிறிஸ்டல் பலஸ் ரசிகன் ஒருவனைப் பாய்ந்து உதைத்து எட்டு மாதத் தடை வாங்கினார், அந்த வருஷம் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் பிளக்பர்னுக்குப் போனது. திரும்பி வந்தார், 1996, 1997 மறுபடி. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்டது போல இருக்கிறது. ஆனால் இந்த முறையை ரொம்ப நம்பாதீர்கள். கீனையும் ஸ்கோல்ஸையும் கழித்துத்தான் 1999 ஃபைனலை வென்றார்கள், லோவைக் கழித்துத்தான் 1968 ஃபைனலை வென்றார்கள். அதனால் அவர்கள் சின்ன ஆட்கள் ஆகிவிடுவார்களா?

டன்கன் எட்வர்ட்ஸ் பெயர் வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானமாகப் போங்கள். 16 வயதில் முதல் மெட்ச், மொத்தம் 177, டீம் போன விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளாகிப் பதினைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் உயிர் போனபோது வயது 21. தம்பிமார் கேட்பார்கள்: வீடியோவும் சரியாக இல்லாத ஒருவரை எப்படிக் கணக்கில் எடுப்பது? நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு மாமா எங்கள் தோட்டத்து டீமின் கதையைச் சொன்னார்.

எங்கள் கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு. பள்ளத்துப் பக்கம் பந்து போனால் தேயிலைக்குள் புகுந்து கானில் விழும், தேடி எடுக்கப் பத்து நிமிஷம், சமயத்தில் அட்டையும் இலவசம். மாமா காலத்தில் இடது காலால் ஆடும் ஒரு பொடியன் இருந்தானாம். வெறுங்கால். பந்தை நேரே கோலுக்கு அடிக்கமாட்டான், மேட்டுப் பக்கம் தட்டிவிடுவான், அது சரிவில் வளைந்து கீழே வரும்போது கோல் கீப்பர் போன இடம் ஒன்று, பந்து வரும் இடம் வேறு. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டும் தடுக்கமுடியவில்லை. மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பிரித்த 1964 ஒப்பந்தத்தில் அந்தக் குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை விழுந்து, இருபது வயதில் கோச்சியேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறிவிட்டான். ஒரு போட்டோ இல்லை. கிரவுண்டில் வளர்ந்த எல்லோரையும் கண்ட மாமா இன்றைக்கும் அவன்தான் என்கிறார், மேட்டுப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே.

மாமாவை நான் நம்புகிறேன். அப்படியென்றால், தன்னைவிட எட்வர்ட்ஸ் மேல் என்று சார்ள்டன் சொன்னதையும் நம்பத்தான் வேண்டும், அவர் பக்கத்தில் நின்று ஆடியவர். ஆடாத வருஷங்களுக்குப் புள்ளி போடாதீர்கள், ஆடியதைப் பார்த்தவர்களின் சொல்லுக்குப் போடுங்கள்.

முடிவு எடுக்காமல் கலைந்தால் அடுத்த போயாவுக்கும் அதே பேச்சுத்தான், ஆகவே வாக்கெடுப்பு. கிழித்த நாட்காட்டித் தாளைத் துண்டாக்கிக் கொடுங்கள், பிஸ்கட் டின்னில் போடச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: தான் பதினைந்து வயதில் பார்த்த ஆளின் பெயரை எழுதக்கூடாது. நான் ரொனால்டோவை விட்டு சார்ள்டன் எழுதினேன். 20 வயதில் மியூனிக்கில் உயிர் தப்பி, பத்து வருஷம் கழித்து வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ண ஃபைனலில் கெப்டனாக ரெண்டு கோல் அடித்தவர். அந்த ஒரு காட்சி எனக்குப் போதும்.

சார்ள்டன்தான் வென்றார், பெஸ்ட் ஒரு சீட்டு பின்னால். அன்றைக்குக் கடையில் இருந்தது பதினொரு பேர். டின்னில் இருந்தது பன்னிரண்டு சீட்டு. பன்னிரண்டாவதில் ரூனி என்று கொட்டை எழுத்தில் இருந்தது, ஓரத்தில் சவர நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.