வெற்றி மேடையிலிருந்து முதல் ஆல்பத்துக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2002 செப்டம்பரில் அமெரிக்கன் ஐடல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் முதல் பருவத்தை வென்ற கெல்லி கிளார்க்சன், இறுதி மேடையில் கண்கலங்கியபடி பாடிய பாடல் 'எ மொமெண்ட் லைக் திஸ்'. நான்கு ஆண்டுகள் கழித்து, 2006 டிசம்பரில், பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் போட்டியை வென்ற லியோனா லூயிஸுக்கும் அதே பாடலைத்தான் வெற்றிப் பாடலாகக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் அது பில்போர்டு ஹாட் 100 என்னும் பாடல் தரவரிசைப் பட்டியலில் 52-ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் முதலிடத்துக்குத் தாவியது. பிரிட்டனில் அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் வாரத்தில் பாடல் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் இன்று இவ்விருவரில் யார் பெயரைச் சொன்னாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பாடலன்று. இருவருமே தங்கள் முதல் ஆல்பத்தில் அதைத் தாண்டி வந்தார்கள். அதே போன்ற மேடைகளில் வென்ற வேறு பலரால் அது முடியவில்லை. அந்த வேறுபாட்டைக் கூர்ந்து பார்த்தால், முதல் ஆல்பத்தில் எங்கே கால் இடறுகிறது என்பது தெரியும்.

முதல் தவறு, வெற்றிப் பாடலையே பாடகரின் முகமாக எண்ணிவிடுவது. இறுதிச் சுற்றுக்கு முன்பே அந்தப் பாடல் தயாராகிவிடுகிறது. வெல்லப்போவது யார் என்று தெரியாததால் இறுதிப் போட்டியாளர்கள் ஒவ்வொருவரும் அதைத் தனித்தனியே பாடிப் பதிவு செய்துவைப்பதுண்டு. யார் போட்டாலும் பொருந்தும்படி தைத்த சட்டை அது. கனவு நனவானது, இந்த நொடிக்காகவே காத்திருந்தேன் என்று அது சொல்வதெல்லாம் போட்டியின் கதையே தவிர, பாடுகிறவரின் கதையன்று. ஆல்பத்தில் அதற்கு ஓர் இடம் கொடுக்கலாம், ஆனால் அதன் வார்ப்பிலேயே மற்ற பாடல்களையும் செய்யத் தொடங்கினால், வாக்களித்த இரவின் பரவசம் அடங்கிய பின் கேட்பவருக்கு எதுவும் மிஞ்சாது. கிளார்க்சனின் முதல் ஆல்பமான 'தேங்ஃபுல்' 2003 ஏப்ரலில் வெளிவந்தபோது அதன் முன்னணிப் பாடலாக வந்தது 'மிஸ் இண்டிபெண்டண்ட்'. பாப் பாடகி கிறிஸ்டினா அகிலேராவும் பங்கெடுத்து எழுதிய அந்தப் பாடலின் எழுத்தாளர் வரிசையில் கிளார்க்சனின் பெயரும் உண்டு. நன்றி சொல்லிக் கண்ணீர் விட்ட இளம்பெண்ணிடமிருந்து மிடுக்கும் பிடிவாதமும் கொண்ட ஒரு குரல் வெளிப்பட்டதைக் கேட்டவர்கள் உணர்ந்தார்கள். முதல் வாரத்தில் ஏறத்தாழ 2,97,000 பிரதிகள் விற்று அந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்தில் நுழைந்தது.

அடுத்தது அவசரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எப்போதும் நியாயமான காரணத்தோடுதான் வருகிறது: மக்கள் மறப்பதற்குள் கடைக்கு வந்துவிட வேண்டும், அடுத்த பருவம் தொடங்கிவிட்டால் புதிய முகம் வந்துவிடும் என்று இசை நிறுவனம் கவலைப்படும். எக்ஸ் ஃபேக்டரின் முதல் வெற்றியாளர் ஸ்டீவ் புரூக்ஸ்டீன் 2004 டிசம்பரில் வென்றார். ஐந்தே மாதங்களில், 2005 மே மாதம், பெரும்பாலும் பிறருடைய பழைய பாடல்களைக் கொண்ட அவருடைய 'ஹார்ட் அண்ட் சோல்' ஆல்பம் வெளிவந்தது. அதுவும் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பெற்றதுதான். ஆனாலும் இரண்டாம் ஆல்பத்துக்கு இடமில்லாமலே அவருக்கும் நிறுவனத்துக்குமான உறவு முடிந்துபோனது. முதல் வார விற்பனை, போட்டியின்போது சேர்ந்த நல்லெண்ணத்தின் அளவைத்தான் காட்டுகிறது என்பதை அதைப் பார்த்து மகிழ்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

லியோனா லூயிஸ் விஷயத்தில் நிறுவனம் பதினொரு மாதங்கள் பொறுத்தது. எக்ஸ் ஃபேக்டர் நடுவர் சைமன் கோவலும், அமெரிக்க இசைத்துறையின் மூத்த நிர்வாகியான கிளைவ் டேவிஸும் சேர்ந்து பாடல் தேடினார்கள். அந்தத் தேடலில் கிடைத்ததுதான் ரயன் டெடரும் ஜெஸ்ஸி மெக்கார்ட்னியும் எழுதிய 'ப்ளீடிங் லவ்'. மெக்கார்ட்னி தம் ஆல்பத்துக்காக எழுதியதை அவருடைய நிறுவனம் விரும்பவில்லை. அப்படி ஒதுக்கப்பட்ட பாடல் லியோனாவின் குரலில் 2007 அக்டோபரில் வெளிவந்து பிரிட்டனில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் நின்றது, மறு ஆண்டு அமெரிக்காவிலும் முதலிடம் கண்டது. நவம்பரில் வந்த அவருடைய 'ஸ்பிரிட்' ஆல்பம் முதல் வாரத்தில் பிரிட்டனில் 3,75,000-க்கு மேல் விற்றது. 2008 ஏப்ரலில் அமெரிக்க ஆல்பம் பட்டியலிலும் முதலிடம் பெற்றது. முதல் ஆல்பத்தோடு அந்தப் பட்டியலில் நேராக முதலிடத்திலேயே நுழைந்த பிரிட்டன் தனிப்பாடகர் அதுவரை எவரும் இல்லை. காத்திருந்த மாதங்களை நாள்காட்டியில் விழுந்த வெற்றிடமாக நான் பார்க்கவில்லை. அந்த ஒரு பாடல் கைக்கு வந்து சேர்ந்தது அந்த மாதங்களில்தான்.

குரலைப் பயன்படுத்தும் விதத்தில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது, என் கணிப்பில் இதுவே அதிக ஆல்பங்களைக் கெடுக்கிறது. போட்டி மேடையில் ஒரு பாடலுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடங்களுக்குச் சற்று முன்பின்னான நேரம். அதற்குள் மெல்லத் தொடங்கி, நடுவில் ஏறி, கடைசியில் சுருதி உயர்த்தி, நீண்ட கார்வை ஒன்றைப் பிடித்து நிறுத்த வேண்டும். அரங்கம் எழுந்து நிற்கும், நடுவர் தலையசைப்பார். வாரந்தோறும் இதையே செய்து பழகியவர் பதிவுக்கூடத்திலும் அப்படியே பாடுகிறார். ஆனால் ஆல்பத்தை ஒருவர் தனியாக, காதுக்கு வெகு அருகில், திரும்பத் திரும்பக் கேட்கிறார். பன்னிரண்டு பாடல்களும் உச்சியிலேயே முடிந்தால் மூன்றாவது பாடலிலேயே காது சலித்துவிடும். 'ப்ளீடிங் லவ்' பாடலைக் கவனியுங்கள்: தேவாலய ஆர்கனைப் போன்ற ஒலிக்கும் கனத்த தாளத்துக்கும் நடுவே தொடக்கச் சரணங்களில் குரல் அடங்கியே வருகிறது. தம்மால் எட்ட முடிந்த உயரத்தை அவர் உடனே காட்டிவிடவில்லை. எனவேதான் பின்னால் அது எழும்போது கேட்பவர் நெஞ்சில் படுகிறது.

பிறர் பாடிய பாடல்களை மீண்டும் பாடுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. 2009 ஏப்ரலில் பிரிட்டன்ஸ் காட் டேலண்ட் மேடையில் தோன்றிய, நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்த சூசன் பாயில் இறுதியில் இரண்டாமிடம்தான் பெற்றார். ஏழு மாதங்களில் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் இருந்தவை பெரும்பாலும் பழக்கமான பாடல்களே. பிரிட்டனில் முதல் வாரத்தில் 4,11,820 பிரதிகள் விற்று, முதல் ஆல்பங்களின் முதல் வார விற்பனையில் லியோனா படைத்திருந்த சாதனையை அது முறியடித்தது. அவரை நேசித்தவர்கள் கேட்க விரும்பியது, தாங்கள் அறிந்த பாடல்களை அந்தக் குரலில்தான். ஆகவே அந்தத் தேர்வு சரியாக அமைந்தது. லியோனாவும் ஸ்நோ பேட்ரோல் குழுவின் 'ரன்' பாடலை வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பாட, நேயர்கள் அதை வெளியிடும்படி வேண்டிக்கொண்டே இருந்ததால் 2008 நவம்பரில் ஆல்பத்தின் மறுபதிப்பில் சேர்த்தார்கள். அந்தப் பாடலும் முதலிடம் பெற்றது. போட்டியில் கைதட்டல் வாங்கிய பாடல்களை வரிசையாக மறுபடி பதிவு செய்து ஆல்பமென்று பெயரிடுவதுதான் தவிர்க்க வேண்டியது.

எல்லாரையும் திருப்திப்படுத்த முயல்வதும் ஒரு குறை; 'தேங்ஃபுல்' ஆல்பத்திலேயே அது உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பாப், ராக், ஆர் அண்ட் பி, காஸ்பல் சாயல் என்று பாடலுக்கொரு திசையில் அது போகிறது. வாரம் ஒரு பாணி என்ற போட்டியின் பழக்கம் பதிவுக்கூடம் வரை தொடர்ந்து வந்துவிட்டது. 2004-இல் வந்த 'பிரேக்அவே' ஆல்பத்தில் கிட்டார் ஓங்கிய ராக் சார்ந்த பாப் இசையை நெருங்கிய பிறகே கிளார்க்சனின் திசை தெளிவானது. இரண்டு கிராமி விருதுகள் அதன் பின்னரே வந்தன.

போட்டியின் பெயரால் வரும் மற்ற வேலைகளும் முதல் ஆல்பத்தின் மேல் நிழலாக விழும். கிளார்க்சனுக்கு அடுத்த இடம் பெற்ற ஜஸ்டின் குவாரினியின் முதல் ஆல்பம் 2003 ஜூனில் வெளிவந்தது. அதே மாதம் இருவரும் நடித்த 'ஃப்ரம் ஜஸ்டின் டு கெல்லி' திரைப்படமும் வந்து படுதோல்வி அடைந்தது. ஆல்பம் முதல் இருபது இடங்களின் விளிம்பில் நுழைந்து இறங்கியது, அதன் பின் நிறுவனம் அவரைக் கைவிட்டது. கிளார்க்சனின் ஆல்பம் இரண்டு மாதங்கள் முன்பே வந்து தன் காலில் நின்றுவிட்டதால் அவர் தப்பினார் என்றே எண்ணுகிறேன்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, போட்டியில் நுழையும்போதே பெரும்பாலும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்பதால், அதைப் படித்துச் சொல்ல நிகழ்ச்சியோடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞர் தேவை. பாடல்களை இறுதியாகத் தேர்பவர் யார், பாடகர் எழுதும் பாடல்களின் உரிமை எவருக்கு, எத்தனை ஆல்பங்களுக்கு அவர் கட்டுப்பட்டிருக்கிறார் என்ற மூன்றையும் எழுத்தில் பார்த்துவிட வேண்டும். பெரும் வெற்றிகளுக்குப் பிறகும் கிளார்க்சனுக்கும் கிளைவ் டேவிஸுக்கும் 2007-இல் மூன்றாம் ஆல்பத்தை ஒட்டி வெளிப்படையாகவே மூண்ட பூசல், எந்தப் பாடல்கள் இடம்பெற வேண்டும் என்பதைப் பற்றியதுதான்.